வேதமாணிக்கம் கழற்றிய வாஷ்பேசின்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்து, முதல் நாள் வைத்த தட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நோயாளிகளின் ரத்தம், சளி, சிறுநீர் இவற்றிலிருந்து என்ன கிருமி வளர்ந்திருக்கிறது, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது, அதாவது கல்ச்சர் சோதனை, என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் சிதம்பரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். போன் அடித்தது. நம் ஆஸ்பத்திரிப் பிளம்பராக இருந்து ரிடையரான வேதமாணிக்கத்தின் மகள் ஸ்டெல்லா பேசினாள்.

“மேடம், அப்பா காலைல போயிட்டாரு.”

கால் விரலில் புண்ணாம். கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து விரலை எடுத்திருக்கிறார்கள். புண் ஆறுகிற நேரத்தில் காய்ச்சல் வந்து, பன்னிரண்டாம் நாள் முடிந்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் விம்மிக்கொண்டே சொல்லி முடிக்கும் வரை கேட்டேன். பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் இவை: “கல்ச்சர்ல என்னம்மா வந்துச்சு?”

அப்பாவைப் பறிகொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் ஒன்றும் புரியாமல், “தெரியல மேடம், பைல்ல இருக்கும்” என்றாள். போனை வைத்தேன். அழுகைகூட வரவில்லை, பயம்தான் வந்தது. நம் ஐ.சி.யு.வில் வளர்ந்த கிருமிதான் அவரைக் கொன்றதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தப் பயம் ஏன் என்பது, ஆஸ்பத்திரி நண்பர்களே, உங்களில் சிலருக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் போய்விட்டதால் இப்போது நான் எழுதுகிறேன்.

அவரை முதலில் பார்த்தது என் லேபில் தண்ணீர் தேங்கி நின்ற ஒரு நாளில். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் காலைப் பாசஞ்சரில் வருவார். ஒரு தோளில் சாமான் பை, மறு கையில் டிபன் கேரியர். வாஷ்பேசினுக்குக் கீழே உட்கார்ந்து வளைந்த குழாயைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு முழ நீளத்துக்கு வழவழவென்று எதையோ உருவி எடுத்தார். கிருமி வளர்ப்பதற்காக நாங்கள் காய்ச்சி ஊற்றுகிற அகார், ஆறினால் உறைந்துவிடும். மிச்சத்தைச் சூடாக இருக்கும்போதே பேசினில் கொட்டுவது என் வழக்கம். அவர் அதைத் தூக்கிப் பிடித்து, “யாரு மேடம் அல்வா கிண்டுனது?” என்று கேட்டார். லேபே சிரித்தது. எனக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது. குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு எழுந்தபோது ஒன்று சொன்னார். “மேல ஊத்துறவங்க எல்லாரும் அதோட போச்சுன்னு நெனைக்கிறாங்க மேடம். எங்கயும் போவறதில்ல. இங்கதான் குந்திகினு இருக்குது.” அன்று அதை ஒரு பிளம்பரின் அலுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பதினொரு மணி டீ எங்களுக்குச் சேர்ந்தேதான். என் ஆராய்ச்சிப் பேச்சையெல்லாம் பொறுமையாகக் கேட்ட ஒரே ஆள் அவர். டாக்டர்கள்கூட ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் கேள்வி கேட்பார். ஒரு நாள், “மருந்து போட்டா கிருமி சாவணும். சாவலன்னா அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார்.

நான் சொன்னேன். கோடிக்கணக்கில் இருக்கிற கிருமிகளில் ஏதோ ஒன்றுக்குத் தற்செயலாக ஒரு மாற்றம் வந்திருக்கும். மருந்து வந்து மற்றதையெல்லாம் கொன்றுவிடும். தப்பித்த அந்த ஒன்று, காலியான வீட்டில் தன் பிள்ளைகுட்டிகளோடு குடியேறிவிடும். அதைவிட மோசம் இன்னொன்று. மருந்தை எப்படி உடைப்பது என்கிற விவரம் கிருமிக்குள் ஒரு சின்ன மரபணு வளையத்தில் எழுதியிருக்கும். ஒரு கிருமி அதைப் பக்கத்திலிருக்கும் கிருமிக்குக் கொடுத்துவிடும். அது வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “பரீட்ச ஹால்ல பிட்டு பாஸ் பண்ற மாரியா?”

“அதே மாதிரிதான்.”

“அப்ப ஒருத்தன் படிச்சா போதும். சூப்பர்வைசர் என்னா பண்றாரு?”

“சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு பிரம்புதான் மிச்சம் இருக்கு. ஒண்ணு மெரோபெனெம். அதுவும் கேக்கலன்னா கொலிஸ்டின். கொலிஸ்டின் பழைய மருந்து. கிட்னியைக் கெடுக்குதுன்னு ஒதுக்கி வெச்சிருந்தது. வேற வழியில்லாம இப்ப எடுத்திருக்காங்க.”

“அதுக்கு அப்பறம்?”

அதற்கு அப்புறம் பெரிதாக ஒன்றும் இல்லை என்றேன்.  “பயமா இருக்குது மேடம்” என்றார் அவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டிருப்பேன். அவர் அன்றைக்கே ஆஸ்பத்திரிச் சட்டையைக் கழற்றித் தனிப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏற ஆரம்பித்தார். வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகுதான் பேத்தியைத் தூக்குவார் என்று ஸ்டெல்லா பின்னால் சொன்னாள்.

அப்புறம்தான் நான்காம் படுக்கை விவகாரம் வந்தது. ஐ.சி.யு.வில் கைகழுவும் பேசின் நான்காம் படுக்கையின் தலைமாட்டை ஒட்டி இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் படுக்கைக்கு வருகிறவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகக் கிளெப்சியெல்லா என்கிற கிருமி வந்தது. நம் குடலில் சாதாரணமாக இருக்கிற இனம்தான். இது மட்டும் மெரோபெனெமுக்கு அசையாத ரகம். மூன்றாவது நோயாளியின் தட்டை எடுத்துப் பார்த்தேன். தட்டில் வைத்த மருந்து வில்லைகளைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாக வெறுமை தெரிய வேண்டும். ஒரு வில்லையைச் சுற்றியும் வெறுமை இல்லை, தட்டு முழுக்க ஒரே படலமாக மூடியிருந்தது.

நான் என்ன செய்தேன்? நர்ஸுகளைத் திட்டினேன். நீங்கள் கை கழுவுவதில்லை என்று கலா சிஸ்டரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டு அழவைத்தேன். மணிக்கொரு தரம் கை கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டேன். பாவம், கழுவிக் கழுவி அவர்கள் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. கிருமி குறையவில்லை, ஐந்தாம் படுக்கைக்கும் போனது. கலா சிஸ்டர், இதைப் படித்தால் நீங்கள் என்னை இப்போதே மன்னிக்க வேண்டாம். நான் எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று கடைசி வரைக்கும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த வாரம் பேசினில் தண்ணீர் இறங்கவில்லை என்று வேதமாணிக்கத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டுப் போனார். ஐந்தே நாளில் மறுபடியும் அடைத்தது. அன்று அவர் நேராக லேபுக்கு வந்தார். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி.

“மேடம், கேன்டீன் குழாய்ல சோறு, கொழம்பு, எண்ண எல்லாம் போவுது. அதுல கூட இவ்ளோ சீக்கிரம் பாசி புடிக்காது. வெறும் கையி கழுவுற எடத்துல எப்படிப் புடிக்கும்? மேலருந்து வேற எதையோ ஊத்துறாங்க. நீங்க இத கொஞ்சம் பாருங்க.”

வாளிக்குள் அந்த வளைந்த குழாய் இருந்தது; அதன் இடத்தில் தற்காலிகமாகப் பழையது ஒன்றை மாட்டிவிட்டு வந்திருந்தார். உள்பக்கம் சாம்பல் நிறத்தில் விரல் கனத்துக்குப் படலம். பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தட்டில் தேய்த்து வைத்தேன். மறுநாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தபோது எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான்காம் படுக்கையின் கிளெப்சியெல்லா எந்த மருந்துக்கெல்லாம் அசையவில்லையோ, குழாயில் இருந்ததும் அத்தனைக்கும் அசையவில்லை. குழாய்த் தண்ணீர் நேராக ஓட்டையின் மேல் விழுகிறது. விழுகிற வேகத்தில் கீழேயிருப்பது பொடித் துளியாக மேலே தெறிக்கிறது. கழுவிய கையிலேயே ஒட்டுகிறது, தலைமாட்டுத் தலையணையிலும் விழுகிறது. நான் கழுவு, கழுவு என்று விரட்டியது அந்தப் பேசினுக்குத்தான்.

மேலேயிருந்து என்ன ஊற்றுகிறார்கள் என்று பார்க்க ஒரு முற்பகல் முழுக்க ஐ.சி.யு. மூலையில் நின்றேன். ஒரு சின்ன நர்ஸ் வந்தாள். மருந்து ஏறி முடிந்த பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது மெரோபெனெம் கலந்த பாட்டில். பேசினில் கவிழ்த்து நன்றாக உதறிவிட்டுக் காலி பாட்டிலைக் குப்பைப் பையில் போட்டாள். இன்னொருத்தி கொலிஸ்டின் பாட்டிலைக் கவிழ்த்தாள். மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்து மிஞ்சின சத்துப் பாலையும் அதிலேயே ஊற்றினார்கள். கிருமிக்குச் சாப்பாடும் போட்டு, கடைசி மருந்துகளைத் துளித் துளியாகக் கொடுத்துப் பழக்கியும் வந்திருக்கிறோம், வருடக்கணக்காக.

அந்தப் பெண்ணிடம், “ஏம்மா இதுல ஊத்துற?” என்று கேட்டேன். அவள் பயந்துபோய்ப் பேசினுக்கு மேலே சுவரைக் காட்டினாள். “நோட்டீஸ்ல அப்படித்தான் மேடம் போட்டிருக்குது.”

அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது: ‘பாட்டில்களில் உள்ள மிச்சத்தை இங்கே ஊற்றிவிட்டுக் காலி பாட்டிலை மட்டும் பையில் போடவும்.’ குப்பைப் பைகள் ஒழுகித் தாழ்வாரமெல்லாம் நனைகிறது என்று ஒரு காலத்தில் புகார் வந்தது. தொற்றுத் தடுப்புக் கமிட்டியில் இருந்தவள் என்ற முறையில் அதைச் சரிசெய்தவள் நான். அது என் கையெழுத்து. எழுதி ஒட்டினதையே மறந்துபோயிருந்தேன்.

அங்கேயே நின்றிருக்கிறேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. புதுக் குழாய் மாட்ட வந்த வேதமாணிக்கம் என்னையும் பார்த்தார், அட்டையையும் பார்த்தார். என் ரிஜிஸ்டரில் தினமும் என் எழுத்தைப் பார்க்கிறவர் அவர். ஒன்றும் கேட்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, அட்டையைக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிட்டார். “செவுத்துல ஈரம் மேடம், இதெல்லாம் இருந்தா செவுரு கெட்டுடும்” என்று நர்ஸுக்குக் கேட்கும்படிச் சொன்னார். கமிட்டிக் கூட்டத்தில் அந்த அட்டையைப் பற்றிப் பேச்சே வரவில்லை. நானும் சொல்லவில்லை. மிச்சத்தைப் பேசினில் ஊற்றுவது வார்டின் பழைய வழக்கம் என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். நான் அதில் கையெழுத்துப் போட்டேன்.

புதுக் குழாய் மாட்டியாகிவிட்டது, ஊற்றுவதையும் நிறுத்தியாகிவிட்டது, இனிமேல் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அவர் மறுபடியும் கழற்றிப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. “கீழருந்து ஏறி வருது மேடம். செவுத்துக்குள்ள போற பைப்ல இருக்குது. புது குழாய் மேல படிப்படியா ஏறுது.” பிளீச்சிங் ஊற்றினோம், கொதிநீர் ஊற்றினோம். சில நாள் அடங்கும், பிறகு வரும். பைப்பை ஒட்டி அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் அந்தப் படலத்தின் அடி வரைக்கும் எந்த மருந்தும் போய்ச் சேருவதில்லை. அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு அவை பிட்டுப் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தன. பேசினையே எடுத்துவிட்டு வாயை அடைக்க வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். ஐ.சி.யு.வில் கைகழுவும் இடம் இல்லாமலா என்று எல்லாரும் பாய்ந்தார்கள். பேசினுக்குப் பதிலாகக் கையில் தேய்க்கிற மருந்து போதும் என்று அனுமதி வாங்குவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது.

அந்த மூன்று வாரத்தில் நான்காம் படுக்கையில் இருந்தவன் ஒரு லால்பேட்டைப் பையன். சவுதியிலிருந்து லீவில் வந்து, கல்யாணம் முடிந்து நாற்பதாவது நாள் பைக் விபத்து. தலையில் அடி. பிழைக்கமாட்டான் என்று டாக்டர்கள் சொன்னவன் பிழைத்துக் கண் திறந்து, அத்தா என்று அவன் கூப்பிடும் அப்பாவைப் பார்த்து விரலை அசைத்தான். வார்டே சந்தோஷப்பட்டது. அப்புறம் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் அதே கிளெப்சியெல்லா. கொலிஸ்டின் ஆரம்பித்தார்கள். நான்கு நாள் இறங்கின காய்ச்சல் ஐந்தாம் நாள் ஏறியது. மறுபடியும் ரத்தம் அனுப்பினார்கள். கொலிஸ்டினை வில்லை வைத்துச் சோதித்தால் சரியாகத் தெரியாது, அது அகாரில் பரவாது. வரிசையாகச் சின்னக் குழிகளில் மருந்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். மருந்து கூடக் கூட நீர் தெளிய வேண்டும். காலையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கடைசிக் குழி வரைக்கும் கலங்கலாக இருந்தது.

கொலிஸ்டின் கிருமியின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டுதான் அதை உடைக்கும். இது மருந்து ஒட்டாதபடி தோலையே மாற்றிக்கொண்டுவிட்டது. அதற்கு மேல் கொடுக்க என்னிடம் பெயர் இல்லை. ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயரை வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கேட்காது’ என்று குறித்து அனுப்பினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்தப் பையன் போய்விட்டான்.

வேதமாணிக்கம் பேசினைக் கழற்றியது அதே நாள் காலையில். அவரே என்னிடம் சொன்னது இது. பேசினைத் தோளில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்கிறார். எதிரே பையனின் அத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இவரைப் பார்த்து எழுந்துவிட்டார். வார்டுக்குள் போய் வருகிற காக்கிச் சட்டைக்காரர், நம்மிடம் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்திருப்பார் போல.

“அண்ணே, தலையில அடின்னாங்க. அது சரியாயிடுச்சின்னாங்க. புள்ள என்னைப் பாத்தான். அப்பறம் கிருமின்னாங்க. அந்தக் கிருமி எங்கேருந்து வந்துச்சு? நாங்க எதுனா கொண்டாந்துட்டமா? நான் தான் வெளிய டீ குடிச்சிட்டு அப்பிடியே உள்ள போயி அவன் கையப் புடிச்சேன். அதனாலயா?”

தோளில் பேசினை வைத்துக்கொண்டு அவர் என்ன பதில் சொல்வார்? “உங்களால இல்ல பாய்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்திருக்கிறார். லேபுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு மேடம். சொன்னா, யாரு ஊத்தச் சொன்னதுன்னு கேப்பாங்க. அதான் மூடிகினு வந்துட்டேன். அந்த மனுசன் தன்னாலதான் புள்ள செத்துச்சின்னு நெனச்சிகினு இருக்காரு. நீங்களே ஒரு நா போயி சொல்லிடுங்க. உங்கள யாரும் அடிக்க மாட்டாங்க.”

“பார்க்கலாம்” என்றேன். வெளியே யாரும் பேசக்கூடாது என்று ஆஸ்பத்திரி மேலிடம் சொல்லியிருந்தது எனக்கு வசதியாகப் போய்விட்டது. இரண்டு வருடமாகிறது. அவர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் பார்க்கலாம் என்றேன். நாலாவது தரம் கேட்கவில்லை. ஆனால் பதினொரு மணி டீக்கு வராமலும் இருந்ததில்லை.

ரிடையர் ஆவதற்கு முன்னால் அவர் கேட்ட ஒன்று என் தூக்கத்தைக் கெடுக்கிறது. “அந்தக் குழாய்ல அத்தன நாளு கைய விட்டிருக்கேன் மேடம். எனக்குள்ளயும் அது இருக்குமா?” இருக்கலாம் என்பதுதான் சரியான பதில். நல்ல உடம்புள்ளவர்கள் குடலில் அந்தக் கிருமியை மாதக்கணக்காக, சிலர் அதற்கும் மேலாக, ஒரு தொந்தரவும் இல்லாமல் சுமக்கலாம். ஆபரேஷன், புண், சர்க்கரை என்று உடம்பு தளரும் நாளில் அது வெளியே வரும். அவருக்குச் சர்க்கரை இருந்தது. ஒரு பஞ்சுக் குச்சி எடுத்துச் சோதித்திருந்தால் இரண்டே நாளில் தெரிந்திருக்கும். ஊழியர்களைச் சோதித்தால் வீண் பீதி கிளம்பும் என்று மேலிடம் வேண்டாமென்றது. எனக்கும் தெரிந்துகொள்ளப் பயம். “உங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது, இரும்பு உடம்பு” என்று சிரித்தேன். அவரும் சிரித்தார், நம்பவில்லை என்று இப்போது தெரிகிறது.

புதன்கிழமை அடக்கத்துக்கு முதுநகர் போனேன். நம்மில் எட்டுப் பேர் வந்திருந்தீர்கள். எல்லாரும் கிளம்பின பிறகு ஸ்டெல்லா என்னை நிறுத்தினாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருக்கிறாள், காகிதங்களை வரிசையாக வைத்துப் பழகினவள். பைலைக் கொண்டுவந்து ரிப்போர்ட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். வேறு லேபின் தாள். கிளெப்சியெல்லா. மருந்துகளின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கேட்காது’. கொலிஸ்டினுக்கும்.

“அப்பா அங்க சேத்த அன்னிக்கே சண்ட போட்டாரு மேடம். வாஷ்பேசின் பக்கத்துல பெட்டு வேணாம், மாத்துங்கன்னு. அவுங்க ஜாஸ்தி பேசறாருன்னு ஊசி போட்டுத் தூங்க வெச்சிட்டாங்க. காய்ச்சல் வந்ததும் என் பொண்ண ரூமுக்குள்ள வுட வேணாம்னாரு. கடசி வரைக்கும் அவளப் பாக்கவே இல்ல. உங்களுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், மேடம் பயந்துடும்னாரு.” பிறகு கேட்டாள். “இது உங்க ஆஸ்பத்திரி கிருமியா மேடம்?”

அந்த லேபுக்கு நான் முன்பே போன் செய்திருந்தேன். அவருடைய கிருமி வளர்ந்த தட்டை அழித்துவிட்டார்கள். இரண்டு கிருமியையும் மரபணு வரைக்கும் ஒப்பிட்டிருந்தால்தான் ஒரே வம்சமா என்று சொல்ல முடியும், இனி முடியாது. ஆகவே “தெரியலம்மா” என்பது பொய்யில்லாத பதில். அதைச் சொல்லிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். தெரியலம்மா என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்களுதா இருக்கலாம். அங்கயே கூட ஒட்டியிருக்கலாம். ரெண்டுல எதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஆனா எங்க ஆஸ்பத்திரியில அத வளத்தது நான் எழுதி ஒட்டின ஒரு நோட்டீஸ். உங்க அப்பாவுக்குள்ள இருக்கான்னு பாக்கச் சொல்லி அவர் கேட்டாரு. நான் பாக்கல.”

 ரிப்போர்ட்டை என் கையிலிருந்து வாங்கிப் பைலில் அதன் இடத்தில் வைத்தாள்.

“நோட்டீஸ் வெச்சது நீங்கதான்னு அப்பாவுக்குத் தெரியுமா?”

“அன்னிக்கே தெரியும்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. அந்த லால்பேட்டக்காரரப் பத்தி மட்டும் சொல்லுவாரு. சாப்புட உக்காந்தா சொல்லுவாரு.” பைலை மூடினாள். “அவருகிட்ட சொல்லிட்டீங்களா மேடம்?”

“இல்ல.”

“அப்ப என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? மொதல்ல அங்க போங்க.”

நண்பர்களே, அஞ்சலி எழுதுகிறவர்கள் போனவரின் நல்ல குணங்களை வரிசைப்படுத்தி முடிப்பார்கள். வேதமாணிக்கத்துக்குக் குணங்கள் ஏராளம், நீங்களே அறிவீர்கள். எனக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்தது, அவர் தாழ்வாரத்தில் எனக்காகச் சொல்லாமல் விழுங்கிய பதில் ஒன்றுதான். அது என்னுடையது, நான்தான் சொல்ல வேண்டும்.

பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி விலாசம் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் லால்பேட்டைக்குப் போகிறேன். மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போகலாம். போலீஸ் வரைக்கும் போகலாம். அதையெல்லாம்விட, கதவைத் திறக்கிற அந்த மனிதரின் முகத்தை நினைத்தால்தான் கால் பின்வாங்குகிறது. இரண்டு வருடமாகத் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம், ‘அது உங்கள் கை இல்லை ஐயா, என் கை’ என்று சொல்ல வேண்டும்.